காகமும் பனம்பழமும்

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை அறியாதவர் நம்மிடையே இலர். பழம் முற்றிக் காம்பு கழன்று விழும் தறுவாயில் இருந்தது. அந்நேரம் பார்த்துக் காகம் ஒன்று பறந்து வந்து அம்மரத்தில் அமர்ந்தது. பழமும் விழுந்தது. கண்டவன் காகமே பழத்தை வீழ்த்தியது என்றான். காகதாலிய நியாயம் என்று நம் முன்னோர் இதற்குப் பெயரும் இட்டனர். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தது என்பது கொண்டு, முன்னதைக் காரணம் என்றும் பின்னதைக் காரியம் என்றும் முடிவு கட்டிவிடலாகாது என்பதையே இக்கதை நமக்கு நினைவூட்டுகின்றது.

பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் மருந்து ஒன்றைப் பற்றி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக வைத்திய உலகில் நிகழ்ந்துவந்த விவாதத்துக்கும் இக்கதை பொருந்தும். ஒருமித்து ஒரு பாடத்தில் மனத்தை நிறுத்தமாட்டாமலும், இருந்த இடத்தில் இருக்கமாட்டாமலும், எடுத்த கணக்கை முடிக்கமாட்டாமலும் அல்லலுறும் பிள்ளைகள் சிலர் உளர். கவனக்குறைவும் அதிதுடிப்பும் சேர்ந்த இக்குறைபாட்டுக்கு வைத்தியர்கள் மூளையை ஊக்கும் மருந்துகளைக் கொடுப்பதுண்டு. அம்மருந்தை உண்ணத் தொடங்கிய பிள்ளைகளுள் சிலர், சில வாரங்களில், காரணமின்றிக் கண்ணை வெட்டுகின்றனர், தோளைக் குலுக்குகின்றனர், தொண்டையைச் செருமுகின்றனர். பெற்றோர் திகைக்கின்றனர். குளிசையோ குற்றவாளி? அன்றிப் பழம் தானே விழுந்ததோ? இவ்வினாவுக்கு விடை காணாது அவசரப்பட்டால், வேண்டிய மருந்தை வீசிவிடவும் கூடும். வேண்டாத மருந்தைத் தொடரவும் கூடும். ஆகவே இதனைச் சிறிது ஆராய்வோம்.

கண் வெட்டும் தோள் குலுக்கும்

இச்சை இன்றியே நிகழும் இத்தகைய திடீர் அசைவுகளையும் ஒலிகளையும் வைத்தியர்கள் டிக் என்பர். கண்ணை வெட்டுதல், மூக்கைச் சுளித்தல், வாயைக் கோணுதல், தலையைச் சிலுப்புதல், மூக்கை உறிஞ்சுதல், செருமுதல் முதலியன இவற்றுட் பெரும்பாலன. பாடசாலை வயதுப் பிள்ளைகளுள் ஐந்தில் ஒருவர் வரையில் ஏதோ ஒரு காலத்தில் இத்தகைய அசைவு ஒன்றைக் காட்டுவர் என்று கணித்துள்ளனர். ஆண் பிள்ளைகளிடத்தே இது மிகுதி. பெரும்பாலோரிடத்துச் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் அது தானாகவே மறைந்துவிடும்.

இவை குறும்பு அல்ல என்பதே பெற்றோரும் ஆசிரியரும் முதலில் அறியவேண்டுவது. தும்மலுக்கு முன் மூக்கினுள் ஓர் அரிப்புத் தோன்றுவதுபோல, டிக் நிகழுமுன்னும் உடலில் ஓர் உந்தல் தோன்றுவதாக இதனை அனுபவிப்போர் கூறுகின்றனர். தும்மலைச் சிறிது நேரம் அடக்கலாம்; என்றும் அடக்க இயலாது. டிக்கும் அவ்வாறே. வகுப்பில் அதனை அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளையின் கவனம் முழுவதும் அவ்வடக்கத்திலேயே செலவாகிவிடும். கரும்பலகையில் எழுதியது அவன் மனத்திற் பதியாது.

இன்னொன்றையும் மனத்திற் கொள்ளவேண்டும். டிக் ஏறி இறங்கும் தன்மையது. ஒரு மாதம் மிகும், மறுமாதம் தணியும். கண்ணில் இருந்தது தோளுக்கு மாறும். களைப்பு, கவலை, பரீட்சைப் பயம் ஆகியவற்றால் கூடும். பெரும்பாலும் ஐந்து வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் தொடங்கி, பத்து முதல் பன்னிரண்டு வயதளவில் உச்சம் அடைந்து, பின்னர் மெல்லத் தணிவது இதன் வழக்கம். உடல் அசைவுகள் பலவும், ஒலி ஒன்றாவதும், ஓராண்டுக்கு மேல் நிலைத்திருந்தால் அதனைத் தூரெற் நோய் என்பர். பாரிஸ் நகரத்துச் சால்பெற்றியேர் வைத்தியசாலையில் பணியாற்றிய ஜோர்ஜ் ஜில் டி லா தூரெற் என்னும் வைத்தியர் 1885ஆம் ஆண்டில் ஒன்பது நோயாளர்களைப் பற்றி எழுதிய கட்டுரையினால் அப்பெயர் வந்தது. அவ்வாண்டை நினைவிற் கொள்க. நாம் பேச எடுத்துக்கொண்ட மருந்துகளுள் ஒன்றுதானும் அன்று உலகில் இருக்கவில்லை.

கணக்குக் குளிசை

அம்மருந்துகளுள் மூத்தது அம்பெற்றமைன். இதனை 1887இல் பேர்லின் நகரில் லசார் எடெலியானு என்னும் உருமேனிய இரசாயனவியலாளர் முதன்முதல் ஆக்கினார். என்ன பயன் என்று அறியப்படாமலே நெடுங்காலம் கிடந்த இப்பொருள், 1930களில் பென்சிட்றின் என்னும் பெயரில் மூக்கடைப்புக்கு மருந்தாக விற்கப்பட்டது.

1937இல் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில், நடத்தைக் குறைபாடுடைய பிள்ளைகளுக்கென அமைந்த வைத்தியசாலை ஒன்றில் சார்ள்ஸ் பிறட்லி என்பவர் வைத்தியராக இருந்தார். பிள்ளைகளின் மூளையைக் கதிர்ப்படம் எடுப்பதற்காக முள்ளந்தண்டு நீரை வெளியேற்றும் வழக்கம் அங்கே இருந்தது. அதனால் கடுந்தலையிடி உண்டாகும். பென்சிட்றின் அத்தலையிடியைத் தணிக்கக்கூடும் என்று பிறட்லி கருதினார். தலையிடியோ தணியவில்லை. ஆனால் அவர் எதிர்பாராத வேறொன்று நிகழ்ந்தது. அடங்காதிருந்த பிள்ளைகள் அடங்கினர். கணக்கைத் தாமே தேடிச் செய்தனர். அவர் மருந்து கொடுத்த 30 பிள்ளைகளுள் 14 பேர் பாடத்திற் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காட்டினர். பிள்ளைகளே அதற்குக் கணக்குக் குளிசை என்று பெயரிட்டனராம். ஊக்கும் மருந்து துடிப்பானவனை மேலும் துடிக்கச் செய்யாமல் அடங்கச் செய்தது அக்காலத்தவருக்குப் பெருவியப்பாக இருந்தது.

அடுத்து வந்தது மெதைல்பெனிடேற்று. சுவிற்சர்லாந்தின் பேசல் நகரில் சீபா என்னும் மருந்துக் கம்பெனியில் பணியாற்றிய லேயாண்ட்றோ பனிசோன் என்பவர் 1944இல் இதனை ஆக்கினார். அவருடைய மனைவியாரின் செல்லப்பெயர் றீற்றா. அப்பெயரைக் கொண்டே மருந்துக்கு றிற்றலின் என்று பெயர் சூட்டினார். 1950களின் நடுப்பகுதியில் கடைகளுக்கு வந்த அக்குளிசையே, பின்னர் உலகெங்கும் கவனக்குறைவுடைய பிள்ளைகளுக்கு மிகுதியாகக் கொடுக்கப்படும் மருந்தாயிற்று.

ஐயம் பிறந்த வழி

இம்மருந்துகள் மீது ஐயம் பிறந்தது ஆதாரமின்றி அன்று. நம் மூளையின் அடியாழத்தில் உள்ள சில நரம்புக் கலத் திரள்கள், உடலின் அசைவுகளுள் எதனை விடுவது, எதனைத் தடுப்பது என்று ஆளுகின்றன. அவை ஒன்றோடொன்று பேசுவதற்குப் பயன்படும் பொருள்களுள் ஒன்று டோபமின். சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் 1957இல் முயல்களிடத்துச் செய்த சோதனை இதனைப் புலப்படுத்த உதவியது. அவர் முயல்களுக்குக் கொடுத்தது றெசேப்பின் என்னும் மருந்து. அதனைப் பெற்ற முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. டோபமினாக மாறக்கூடிய பொருளை ஏற்றியதும் அவை எழுந்து ஓடின. றெசேப்பின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று அறிந்தால் நம்மவர் மகிழ்வர். ஆயுர்வேத வைத்தியர் நெடுங்காலமாகக் கையாண்டுவந்த சர்ப்பகந்தி வேரிலிருந்து, அதே சீபா கம்பெனியின் ஆராய்ச்சியாளர் 1952இல் அதனைப் பிரித்தெடுத்தனர். கார்ல்சன் 2000ஆம் ஆண்டில் நோபெல் பரிசில் பங்குபெற்றார்.

டோபமின் குறைந்தால் உடல் விறைத்து அசைவு குன்றும். பாக்கின்சன் நோயில் நிகழ்வது அதுவே. அந்நோயாளருக்கு டோபமினைக் கூட்டும் மருந்தை நெடுநாள் கொடுத்தால், சிலரிடத்துக் கைகால்கள் வேண்டாமலே நெளியத் தொடங்கும். ஊக்கி மருந்துகளும் நரம்புக் கலங்களிடையே டோபமினை மிகுவிப்பனவே. மெதைல்பெனிடேற்று, வெளிவந்த டோபமின் மீண்டும் உள்ளே உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றது. அம்பெற்றமைன் அதனோடு நில்லாது, உள்ளே இருப்பதையும் வெளியே தள்ளுகின்றது. ஆகவே இவை வேண்டாத அசைவைத் தூண்டக்கூடும் என்று எண்ணியதில் வியப்பில்லை.

1976இல் அமெரிக்க வைத்தியர் சிலர், மெதைல்பெனிடேற்று பெற்ற 1520 பிள்ளைகளுள் 20 பேரிடத்து டிக் புதிதாகத் தோன்றியதாகவோ முன்னிருந்தது மிகுந்ததாகவோ எழுதினர். 1982இல் வேறு சிலர், ஊக்கி மருந்துக்குப் பின்னர் தூரெற் நோய் வெளிப்பட்ட 15 பேரைப் பற்றி எழுதினர். அதன் பயனாக, டிக் உள்ள பிள்ளைக்கோ அக்குடும்பத்துப் பிள்ளைக்கோ இம்மருந்தைக் கொடுக்கலாகாது என்னும் எச்சரிக்கை வலுப்பெற்றது. டிக்கும் கவனக்குறைவும் ஒருங்கே உடைய பிள்ளைகள் பலர், நெடுங்காலம் இம்மருந்தின் பயனைப் பெறாமலே வளர்ந்தனர்.

ஒரு வீட்டில் நிகழ்ந்தது

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்திகள் என்று எண்ணவேண்டா. நாம் அறிந்த குடும்பம் ஒன்றில், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு வைத்தியர் மெதைல்பெனிடேற்றுக் கொடுத்தார். ஒரு மாதத்துள் அவனுடைய கணக்குக் கொப்பியில் அரைகுறையாக நின்ற பக்கங்கள் இல்லாமற் போயின. வீட்டார் மகிழ்ந்தனர். ஐந்தாம் வாரத்தில் அவன் கண்ணை வெட்டத் தொடங்கினான். பின்னர்ச் செருமலும் சேர்ந்தது. பாடசாலையில் ஆசிரியர் ஒருவர், பையன் தம்மைப் பழிக்கின்றான் என்று எண்ணி அவனை விறாந்தையில் நிற்கவைத்துவிட்டார்.

அன்று இரவே வீட்டில் வழக்கு விசாரணை நடந்தது. தகப்பனார் குளிசைகளைக் குப்பையிற் போடவேண்டும் என்றார். "பிள்ளை நல்லாப் படிக்கிறான் எண்டு ஊரெல்லாம் சொன்னியள், கண்ணூறு பட்டுப்போச்சு" என்றார் அப்பம்மா. மறுநாள் தாயார் நம்மிடம் வந்து, "சேர், இந்தக் குளிசையை நிப்பாட்டிறதோ, குடுக்கிறதோ?" என்று கேட்டார். நாம் வைத்தியர் அல்லேம். ஆகவே, தீர்ப்பை வைத்தியரிடம் விட்டு, சாட்சியத்தை மட்டும் திரட்டுமாறு அவருக்குக் கூறினோம். எந்நாள், எந்நேரம், எவ்வசைவு, எத்தனை முறை; குளிசை உண்டது எப்போது; உறக்கம் எவ்வளவு; அன்று பரீட்சையோ விளையாட்டோ இருந்ததா என்று ஒரு கொப்பியில் எழுதச் சொன்னோம். அத்துடன், பிள்ளை காணும்படி எழுதவேண்டாம் என்றும் சொன்னோம். தன் அசைவை ஒருவர் எண்ணுகின்றார் என்று அறிந்தால் அது மிகும் அன்றோ?

வைத்தியர் அக்கொப்பியை வாசித்தபின் கேட்ட முதற்கேள்வி, குளிசைக்கு முன்னர் இத்தகைய அசைவு எதுவும் இருந்ததா என்பதே. இல்லை என்று சொல்ல வாயெடுத்த தாயாருக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அவன் ஏழு வயதாக இருந்தபோது மூன்று மாதம் ஓயாமல் மூக்கை உறிஞ்சினான். தடிமன் என்று எண்ணி வேது பிடித்தனர், தைலம் பூசினர். தடிமன் இருந்ததே இல்லை. தகப்பனாரும் சிறுவயதிற் கண் வெட்டியவர் என்று அவருடைய தமக்கையார் பின்னர்ச் சொன்னார். டிக் குடும்பவழி வரும் இயல்புடையது என்பதை வைத்தியர் விளக்கினார். குளிசையை நிறுத்தவில்லை, அளவைக் கூட்டவும் இல்லை, பொறுத்துப் பார்ப்போம் என்றார். பாடசாலை விடுமுறையில், குளிசை உண்டுகொண்டிருக்கும்போதே, கண்வெட்டு மறைந்தது. தவணைப் பரீட்சைக் காலத்திற் சிறிது தலைகாட்டி மீண்டும் அடங்கியது.

இதுகொண்டு குளிசைக்கும் அசைவுக்கும் தொடர்பே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. ஒரு பிள்ளையை மட்டும் கண்டு அவ்வாறு சாதித்தால், நாமும் காகத்தைக் கண்டவனைப் போலவே ஆவோம். ஒரு மரத்தடியில் நின்று இதனைத் தீர்க்க முடியாது. காகம் அமர்ந்த மரங்களிலும் அமராத மரங்களிலும் எத்தனை பழங்கள் விழுந்தன என்று எண்ணியே தீர்க்கவேண்டும்.

எண்கள் கூறுவது

அவ்வாறு எண்ணியும் பார்த்தனர். 2002இல் அமெரிக்க ஆராய்ச்சிக் குழு ஒன்று, டிக்கும் கவனக்குறைவும் ஒருங்கே உடைய 136 பிள்ளைகளை நான்கு கூட்டமாகப் பிரித்தது. ஒரு கூட்டத்தார்க்கு மெதைல்பெனிடேற்று. ஒரு கூட்டத்தார்க்குக் குளொனிடின் என்னும் வேறு மருந்து. ஒரு கூட்டத்தார்க்கு இரண்டும். எஞ்சியோர்க்கு மருந்தே இல்லாத போலிக் குளிசை. எவர் எதனை உண்கின்றார் என்று பிள்ளைகளும் அறியார். அவர்களைப் பார்வையிட்டோரும் அறியார். பதினாறு வாரங்களின் பின், டிக் மிகுந்ததாகச் சொல்லப்பட்டோர் மெதைல்பெனிடேற்றுக் கூட்டத்தில் நூற்றுக்கு 20. குளொனிடின் கூட்டத்தில் நூற்றுக்கு 26. போலிக் குளிசை உண்டோரிடத்து நூற்றுக்கு 22. மருந்தே உண்ணாதாரிடத்தும் ஐந்தில் ஒருவருக்கு மேல் டிக் மிகுந்தது என்பதை நோக்குக. காகம் அமராத மரத்திலும் பழம் விழுந்தது.

2015இல் வேறு ஆராய்ச்சியாளர், இத்தகைய 22 சோதனைகளை ஒன்றுதிரட்டி 2385 பிள்ளைகளின் கணக்கைப் பார்த்தனர். டிக் புதிதாகத் தோன்றியது அல்லது மிகுந்தது ஊக்கி மருந்து உண்டோரில் நூற்றுக்கு 5.7, போலிக் குளிசை உண்டோரில் 6.5. இரண்டிற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அப்படியாயின் இத்தனை காலமும் வைத்தியர்கள் கண்டது என்ன? விடை எளிது. தூரெற் நோயுள்ள பிள்ளைகளுள் அரைவாசிக்கு மேற்பட்டோர்க்குக் கவனக்குறைவும் உண்டு. இரண்டும் வரும்போது பெரும்பாலும் கவனக்குறைவே முன்னே வரும். டிக் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து வரும். பிள்ளை பாடசாலைக்குச் சென்று படிப்பில் இடர்ப்படும் வயதிலேயே குளிசை தொடங்குகின்றது. டிக் வெளிப்படும் வயதும் அதுவே. பழம் முற்றிய நாளிலேயே காகமும் வந்தது. மேலும், டிக் தானே ஏறி இறங்குவது. அது ஏறும்போது பெற்றோர் குளிசையை நிறுத்துவர்; பின்னர் அது தன்னியல்பில் இறங்கும்; நிறுத்தியதால் இறங்கியது என்று ஐயம் உறுதிப்படும்.

காகமே வீழ்த்தும் பழம்

ஆயினும் இதனோடு நின்றுவிட்டால் உண்மையிற் பாதியையே கூறியவர் ஆவோம். சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிய செய்தி. நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றிய செய்தி அன்று. 1997இல் தூரெற் நோயும் கவனக்குறைவும் உடைய 20 சிறுவர்களுக்கு ஊக்கி மருந்துகளை உயர்ந்த அளவில் கொடுத்துப் பார்த்தபோது டிக் மிகுந்தது. மெதைல்பெனிடேற்று உண்டோரிடத்து நாட்செல்ல அது தணிந்தது. அளவு உயர உயர இடரும் உயரக்கூடும் என்பதை இது காட்டுகின்றது. பல் நறும்புதல், உதட்டைக் கடித்தல், நகத்தையும் தோலையும் கிள்ளுதல் ஆகியவையும் இம்மருந்துகளை உண்போரிடத்துக் காணப்படுவன.

அவற்றினும் கடுமையான அசைவுகள், அரிதாயினும், மருந்தினாலேயே வருவன உள. கைகால்களும் முகமும் ஓய்வின்றி நெளிந்து துள்ளுவது ஒன்று. கூத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதனைக் கொறியா என்பர். கழுத்தோ தாடையோ நாக்கோ ஒரு பக்கமாகத் திருகி நிற்பது மற்றொன்று. அது டிஸ்டோனியா எனப்படும். அளவுக்கு மிஞ்சி உண்டபோதும், வேறு சில மனநோய் மருந்துகளை நிறுத்தி உடனே ஊக்கி மருந்தைத் தொடங்கியபோதும் இவை நேர்ந்தமை வைத்திய ஏடுகளிற் பதிவாகியுள்ளது. இவை டிக்கைப்போல் ஒரு கணத்துக்கு அடக்கக்கூடியனவும் அல்ல. நாட்கணக்காகக் காத்திருந்து குறிப்பெழுதவேண்டியனவும் அல்ல. கழுத்துத் திருகி நின்றாலும், நாக்கு வெளித்தள்ளினாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்பட்டாலும், காய்ச்சலோடு உடல் விறைத்தாலும் அக்கணமே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. குளிசைப் பெட்டியையும் கையோடு எடுத்துச் செல்க.

மருந்தே உண்ணாத பிள்ளைக்கும் கொறியா வரலாம் என்பதையும் இங்கே குறிப்பது தகும். தொண்டைப் புண்ணும் வாதக் காய்ச்சலும் கண்ட பிள்ளைகளுக்குச் சில மாதங்களின் பின் வரும் இத்தகைய நெளிவை, ஆங்கில வைத்தியர் தோமஸ் சிடன்காம் 1686இலேயே எழுதிவைத்தார். கையிலிருந்த கோப்பை காரணமின்றி விழுகின்றதாயினும், எழுத்துத் திடீரெனக் குழம்புகின்றதாயினும், பிள்ளையை ஏசாது வைத்தியரிடம் காட்டவேண்டும். இதயத்தையும் சோதிக்கவேண்டிய நோய் அது.

மாணவர்க்கு ஒரு சொல்

பரீட்சை நெருங்கும் காலத்தில், நண்பனுக்கு வைத்தியர் கொடுத்த குளிசையை வாங்கி உண்டால் இரவெல்லாம் விழித்துப் படிக்கலாம் என்று எண்ணும் மாணவர் உலகெங்கும் உளர். அவர்களுக்கு ஒன்று கூறுவோம். குறைபாடுள்ள பிள்ளைக்கு, அவனுடைய நிறையும் நாடியும் பார்த்து, சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்கப்படும் மருந்து வேறு. எவரும் அளந்து பார்க்காமல் ஒருவன் தானே எடுத்து விழுங்குவது வேறு. இம்மருந்து விழிக்கச் செய்யும். அறியாத பாடத்தை அறியச் செய்யாது. படித்தது மனத்தில் நிலைப்பதற்கு உறக்கம் வேண்டும். அவ்வுறக்கத்தையே இது கெடுக்கின்றது.

சுவீடன் நாட்டில் ஊக்கி மருந்துக்கு அடிமையானோரை ஆராய்ந்த கோஸ்டா றிலாண்டர் என்பவர் 1972இல் எழுதியவை நினைக்கத்தக்கன. அவர்களுட் சிலர் கடிகாரங்களையும் வானொலிப் பெட்டிகளையும் கழற்றுவதும் பூட்டுவதுமாகப் பயனின்றி மணிக்கணக்காக இருந்தனர், நிறுத்த இயலவில்லை. சிலர் உடல் நெளிந்து துள்ளினர். மருந்தை ஆளத் தொடங்கியவன், ஈற்றில் தன் கைகால்களைத் தானே ஆளமாட்டாதவன் ஆனான்.

அருகிருப்பவர் கடமை

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வைத்தியத்துக்கு நான்கு உறுப்புக் கூறுகின்றார். நோயாளி, வைத்தியர், மருந்து ஆகிய மூன்றையும் எவரும் எண்ணுவர். அருகிலிருந்து மருந்தை ஊட்டிப் பார்த்துக்கொள்பவரை நான்காம் உறுப்பாக அவர் வைத்ததே நம் கருத்துக்கு உரியது. வைத்தியர் பிள்ளையைக் காண்பது மாதத்துக்குச் சில நிமிடம். எஞ்சிய நேரமெல்லாம் காண்போர் பெற்றோரும் ஆசிரியருமே. அவர் தவறிவிட்டால் மற்றை மூன்று உறுப்பும் இருந்தும் பயனில்லை.

அவர் செய்யவேண்டுவன பல அல்ல. மருந்து தொடங்குமுன், பிள்ளைக்கோ குடும்பத்தார்க்கோ இத்தகைய அசைவு முன்னர் இருந்ததா என்பதை நினைந்து வைத்தியருக்குச் சொல்லவேண்டும். தொடங்கியபின் அசைவு தோன்றினால், நாளும் நேரமும் குறித்துக் காட்டவேண்டும். வைத்தியர் அளவைக் குறைக்கலாம். சில நாள் நிறுத்திப் பார்க்கலாம். குளொனிடின், குவான்பசின், அற்றமொக்செற்றின் போன்ற வேறு மருந்துக்கு மாற்றலாம். அல்லது ஒன்றும் செய்யாது பொறுத்திருக்கலாம். அவருடைய சொல் இன்றி நாமே நிறுத்துவது தகாது. குளொனிடின் உண்ணும் பிள்ளைக்கு அதனைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவதே புதிய அசைவுகளை வருவிக்கவும் கூடும்.

மருந்தின்றியும் செய்யத்தக்கது உண்டு. உந்தல் தோன்றும் கணத்தை உணர்ந்து, அவ்வசைவோடு சேர்ந்து நிகழமுடியாத வேறோர் அசைவைச் செய்யுமாறு பிள்ளையைப் பழக்குவது ஒரு முறை. தோள் குலுங்க வரும்போது முழங்கையை உடலோடு மெல்ல அழுத்தி வைத்திருப்பது அதற்கு ஓர் உதாரணம். 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், இம்முறையிற் பயின்ற பிள்ளைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் பத்து வாரத்தில் நலம் கண்டனர். ஆறுதலும் அறிவுரையும் மட்டும் பெற்றோரில் அவ்வாறு நலம் கண்டோர் ஐந்தில் ஒருவரினும் குறைவு. இதனைப் பயிற்றுவோர் இதற்கெனக் கற்றவராக இருக்கவேண்டும். "நிறுத்தடா" என்று அதட்டுவது பயிற்சி ஆகாது.

ஆசிரியராகிய நமக்குள்ள கடமை இன்னும் எளிது. கண் வெட்டும் பிள்ளையைச் சபையிற் சுட்டிக்காட்டாதிருத்தல். பிற பிள்ளைகள் பழிக்காதவாறு காத்தல். வேண்டும்போது வெளியே சென்று வர அனுமதித்தல். கண்டதைப் பெற்றோருக்குத் தனிமையிற் கூறுதல். தன் விருப்பின்றித் தன் உடல் செய்யும் செயலுக்காகத் தண்டிக்கப்படும் பிள்ளைக்கு, எச்செயல் தன்னுடையது, எச்செயல் தன்னுடையதன்று என்பதே மயங்கிவிடும். அம்மயக்கத்தைத் தீர்க்கும் குளிசை எதுவும் இதுவரை இல்லை.